பயத்துக்கு மூன்று கிலோ

பட்டறையில் அவளுக்கு 'மூணு கிலோ' என்று பேர். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. பலமாகத் தும்மினால் தானே இரண்டடி தள்ளிப் போய் நிற்பாள். பிறகு எதற்கு அந்தப் பேர் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் பயந்தாங்கொள்ளி. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, அசல் பயந்தாங்கொள்ளி. காலையில் கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரை வருவாள். திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். பூட்டுப் போட்டபிறகு மறுபடி திறந்து இன்னொரு தடவை. அவள் கணவர் தையல்காரர், பொறுமைசாலி. "அந்தக் குமிழு தேஞ்சே போயிடும் தாயே, விட்டுடு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சாலையைக் கடக்கப் பயம், லிஃப்டில் ஏறப் பயம், தொலைபேசி இரண்டு தடவைக்கு மேல் அடித்தால் பயம். பயப்படுவதற்கு அவளுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கையில் மிஞ்சியது ஒன்பது வயதுத் தம்பி. படிப்பை விட்டாள், வேலைக்குப் போனாள், அவனை ஆளாக்கினாள். அவன் சைக்கிள் கற்றுக்கொண்ட ஒரு மாதமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறை என்றால் இரும்புக்குத் தோய்ச்சல் கொடுக்கிற பட்டறை. பல்சக்கரம், துளையிடும் ஊசி, கத்தி அலகு எல்லாம் அங்கே வரும். உலையில் ஒரு உப்பை உருக்கிக் குழம்பாக்கி, அதில் இரும்பை முக்கிச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எடுத்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். இரும்பு கெட்டிப்படும். அந்த உப்பின் பேர் பேரியம் குளோரைடு. பார்க்கச் சாதுவான வெள்ளைப் பொடி, ஆனால் விஷம். ஒரு கிராம் அளவுக்கு வயிற்றுக்குள் போனாலே ஆளை முடித்துவிடக்கூடியது. கை கால் துவளும், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும். இரும்பில் ஒட்டிய உப்பை வெந்நீரில் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் முழுக்கப் பின்கட்டில் இரண்டாயிரம் லிட்டர் தொட்டியில் சேரும். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பு அவள். தொட்டியைக் கலக்குவது, வால்வைத் திருப்புவது தம்பி. பத்தொன்பது வயதில் அவனைத் தன் கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்று அவள்தான் அங்கே சேர்த்துவிட்டாள்.

பேரியத்தைத் தண்ணீரிலிருந்து இறக்க அவள் கையாளுகிற வழி இதுதான்: சோடியம் சல்ஃபேட் என்ற இன்னொரு உப்பைக் கொட்டிக் கலக்கவேண்டும். அதிலுள்ள சல்ஃபேட் பேரியத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளை மாவாக அடியில் படிந்துவிடும். படிந்த மாவால் ஆபத்தில்லை, கரைந்து நிற்பதுதான் விஷம். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரைத் திறந்துவிடலாம். இவ்வளவுதான் வேலை. வாராவாரம் தொட்டியில் எவ்வளவு பேரியம் என்று அளந்து, எவ்வளவு உப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அவள் சொல்வாள். அநேகமாகப் பதினாலு கிலோ வரும்.

இனி மூணு கிலோ. பதினோரு வருஷத்துக்கு முன்பு ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி, "காகிதத்துல என்ன வேணாலும் எழுதலாம்யா" என்று முதலாளியை மடக்கினார். முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எழுதறது என்ன, குடிச்சே காட்டறோம்!" என்றார். குடித்தது யார்? முதலாளியா? அவருக்கு வயிற்றில் புண் என்று ஒரு சாக்கு எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்கும். அவள் தம்பியைப் பார்த்து, "மொண்டு குடிடா" என்றார். வேலைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பையன் ஒரு டம்ளரை மொண்டு மடமடவென்று குடித்தான். முகத்தைச் சுளித்து, "கொஞ்சம் உப்புக் கரிக்குது, அவ்வளவுதான்" என்றான். அதிகாரி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அது பட்டறையின் வழக்கமாகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு ஆய்வு, இரண்டு டம்ளர்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள், தம்பியிடம் அழுது பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தாள். கரையாது என்று எதைச் சொன்னாலும் அதிலும் ஒரு துளி கரையத்தான் செய்கிறது. சரிக்குச் சரி பதினாலு கிலோ போட்டால் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் பேரியம் தண்ணீரில் நிற்கும். கொல்லாதுதான். ஆனால் தம்பி குடிக்கிற தண்ணீராயிற்றே! அப்புறம் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். கரைந்து நிற்கிற பேரியத்தையும் சல்ஃபேட்டையும் பெருக்கினால் வருகிற தொகை மாறாது. அந்தத் தொகைக்குக் கரைதிறன் பெருக்கம் என்று பேர். ஒரே பெஞ்சில் இரண்டு பேர் மாதிரி. ஒருவர் அகலமாக உட்கார்ந்தால் மற்றவர் ஒடுங்கித்தான் ஆகவேண்டும். சல்ஃபேட்டை வேண்டுமென்றே கூட்டிவிட்டால் பேரியம் குறைந்தே தீரும். இதற்குப் பொது அயனி விளைவு என்று புத்தகம் பேர் வைத்திருந்தது. அவள் கணக்குப் போட்டாள். மூன்று கிலோ கூடுதலாகப் போட்டால் மிஞ்சுகிற பேரியம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்த வாரத்திலிருந்து பதினாலு பதினேழானது. "எதுக்கும்மா இந்த மூணு கிலோ?" என்று முதலாளி கேட்டார். அவளுக்குப் பொது அயனியை விளக்க வாய் வரவில்லை. "பயத்துக்கு" என்று சொல்லிவிட்டாள். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று வைத்த பேர்தான் அது.

இதற்கும் மேலே ஒரு சோதனை வேறு வைத்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தெளியவிட்ட தண்ணீரைக் காலையில் ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, சல்ஃபேட் கரைசலை நாலு சொட்டு விடுவாள். பேரியம் மிச்சமிருந்தால் வெள்ளையாகக் கலங்கும், இல்லாவிட்டால் தெளிவாகவே நிற்கும். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கலங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு பதிவேட்டில் 'தெளிவு' என்று எழுதுவாள்.

இந்த மாதம் புதிய கடையிலிருந்து சல்ஃபேட் உப்பு வந்தது. மூட்டையில் அதே பேர்தான். வழக்கமாக மாவு மாதிரி இருக்கும். இது கல்லும் கட்டியுமாக இருந்தது. "என்னக்கா, கற்கண்டு மாதிரி இருக்கு" என்று தம்பி கேட்டான். "ஈரம் பட்டுக் கட்டியாயிருக்கும்டா, உடைச்சுப் போடு" என்றாள். ஈரத்தில் அந்த உப்பு கட்டிதட்டுவது அவளுக்குப் பழகிய விஷயம். பதினேழு கிலோ நிறுத்துப் போட்டுக் கலக்கிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஆய்வு. பதினொன்றரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். முதலாளி எட்டு மணிக்கே குதித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, பதிவேடு எல்லாம் ஒன்பதுக்கு என் மேஜைல இருக்கணும். அந்தம்மா புதுசு, ரொம்பக் கறாராம்." குழாயைக் கழுவிச் சோதிக்க நேரமில்லை. எப்படியும் தெளிவாகத்தானே இருக்கப்போகிறது, அவர்கள் வருவதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று 'தெளிவு' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுப்புக் குமிழை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவள்! வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பயப்படாமல் இருந்தாள். அது அந்த நாளாகவா இருக்கவேண்டும்?

அதற்குப்பின் ஒரு கோப்பைக் காணோம், ஒரு ரசீதைக் காணோம் என்று முதலாளி அலைக்கழித்ததில் பதினொன்றேகால் ஆகிவிட்டது. குழாயை எடுக்க உப்பு அறைக்குள் வந்தாள். அந்த அறையின் ஒரு சுவர் உலைக்கு முதுகு. எப்போதும் சூடு. நேற்று சிந்திய நாலைந்து கட்டிகள் சுவரோரம் கிடந்தன. குனிந்து எடுத்தாள். விரல் பட்டதும் கட்டி பொலபொலவென்று மாவாக உதிர்ந்தது.

ஈரம் பட்ட கட்டி காய்ந்தால் கல்லாக இறுகவேண்டும். காய்ந்து மாவாக உதிர்கிறது என்றால், அது ஈரம் பட்ட உப்பே இல்லை. தண்ணீரைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிற படிக உப்பு. சூட்டில் அந்தத் தண்ணீர் போனதால் உடைந்து மாவாகிவிட்டது. ஓடிப்போய் மூட்டையைப் புரட்டினாள். பேருக்குக் கீழே எறும்பு சைஸ் எழுத்தில் 'பத்து நீர்' வகை என்று போட்டிருந்தது. எடையில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்.

பென்சிலை எடுத்து மூட்டை மேலேயே கணக்குப் போட்டாள். பதினேழு கிலோவில் தண்ணீர் ஒன்பதரை, உப்பு ஏழரை. வேண்டியது பதினாலு. பயத்துக்குப் போட்ட மூன்று கிலோ எங்கே, வேண்டியதிலேயே பாதிதான் விழுந்திருக்கிறது! பிடிக்க ஆளில்லாமல் மீதிப் பேரியம் அத்தனையும் தண்ணீரில் நிற்கிறது. லிட்டருக்கு மூன்று கிராம். மில்லிகிராம் இல்லை, கிராம். ஒரு டம்ளருக்கு எவ்வளவு? ஐந்தால் வகுத்தாள், பேரியம் குளோரைடு உப்பாக மாற்றினாள். கிட்டத்தட்ட ஒரு கிராம். ஈரக்குலை நடுங்கியது என்று சும்மா சொல்வோமே, அன்று அவளுக்கு உண்மையாகவே நடுங்கியது.

வெளியே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். பின்கட்டிலிருந்து முதலாளியின் கணீர்க்குரல்: "வாங்க மேடம், வாங்க! தொட்டியவே முதல்ல பாத்துடுங்க!"

கல்லூரியில் ஓட்டப்பந்தயம் என்றாலே மயங்கி விழுந்தவள் அன்று ஓடினாள். உலைக்காரர்களை இடித்துக்கொண்டு, தரையில் கிடந்த சங்கிலியில் கால் தடுக்கி, சல்ஃபேட் கரைசல் குப்பியை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்கட்டில் ஆய்வாளர் அம்மா, முதலாளி, நாலு தொழிலாளிகள். தொட்டி விளிம்பில் தம்பி. கையில் டம்ளர், தளும்பத் தளும்ப, பளிங்கு மாதிரி தெளிவாக.

"குடிக்காதே!" என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பாதிச் சத்தம்தான் வந்தது. "குடிக்காதேடா, அதுல பேரியம் இருக்கு!"

"ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று முதலாளி சிரித்தார். "ஒண்ணுமில்ல மேடம், இவங்க எங்க மூணு கிலோ. நிழலப் பாத்தாலே பயப்படுவாங்க. ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்."

அது பொய்யில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வந்து வேண்டாம் என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், அவன் குடிப்பான். அதனால் இன்றும் எல்லோரும் சிரித்தார்கள். தம்பி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். "உன் கணக்கு என்னைக்குக்கா தப்பாச்சு?" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாயில் கவிழ்த்தான்.

அவள் பாய்ந்து பிடுங்குவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. "என்னக்கா, இன்னிக்குக் கசக்குது" என்றான்.

பிடுங்கிய டம்ளரில் குப்பியைச் சாய்த்தாள். பளிங்குத் தண்ணீர் ஒரே நொடியில் பால் மாதிரி வெளுத்தது. டம்ளருக்கு அந்தப் பக்கம் நின்ற முதலாளியின் முகம் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் அம்மாவுக்கு மட்டும் அது என்னவென்று புரிந்தது. "அய்யய்யோ, எவ்வளவு குடிச்சார்?" என்று அலறினார்.

"நூறு மில்லி" என்றாள் அவள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

இந்த உப்பை உருக்குகிற பட்டறைகளில் முதலுதவிப் பெட்டியில் பேதி உப்பு வைத்திருப்பார்கள். அதுவும் சல்ஃபேட்தான். வயிற்றுக்குள்ளேயே பேரியத்தைப் பிடித்து மாவாக்கிவிடும். நூறு மில்லியில் இருக்கிற பேரியத்துக்குக் கணக்குப்படி அரை கிராமும் கொசுறும் போதும். அவள் முப்பது கிராம் கரைத்தாள். "குடி" என்றாள். தம்பியின் முகம் பேயறைந்தது போல் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தான்.

ஆய்வாளர் அம்மாவின் வண்டியிலேயே போனார்கள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். "உதடு மரத்துப்போச்சுக்கா" என்றான். அடுத்த தெருவில், "காலத் தூக்க முடியல" என்றான். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாய் மட்டும் முணுமுணுவென்று எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தது. முந்நூற்றுச் சொச்சம் மில்லிகிராம் பேரியம். அதில் எவ்வளவு மாவாகியிருக்கும், பிடிபடுவதற்குள் எவ்வளவு ரத்தத்தில் ஏறியிருக்கும்? முதல் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் உண்டு. இரண்டாவதற்கு இல்லை. குடித்ததற்கும் மருந்துக்கும் நடுவில் போனது மூன்று நிமிஷமா, நாலு நிமிஷமா என்று அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்து நடுங்கினாள்.

மருத்துவமனையில் அவனைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் கால் துவள்கிறது என்றார் டாக்டர். நரம்பில் பொட்டாசியம் ஏற்றினார்கள். "உள்ள போனது எவ்வளவுன்னு தெரியுமா?" என்று கேட்டார். அவள் மில்லிகிராம் சுத்தமாகச் சொன்னாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பேதி உப்பு உடனே குடுத்தது யாரு? நல்ல காரியம் பண்ணீங்கம்மா." அவளுக்கு அந்தப் பாராட்டு செருப்படியாக விழுந்தது. "தொட்டிய விஷமாக்கினதும் நான்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

மத்தியானம் முழுக்க, நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் அவள் மூச்சு விடவில்லை. நடுவில் இரண்டு தடவை கோடு கோணல்மாணலாகக் குதித்தது, நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். ஆய்வாளர் அம்மா வந்து தொட்டிக்குச் சீல் வைத்தாயிற்று, பட்டறையை மூடச் சொல்லியிருக்கிறது என்றார். அவள் தலையை ஆட்டினாள். அது எங்கோ இன்னொரு ஊர்ச் சமாசாரம் போலக் காதில் விழுந்தது.

நாலு மணிக்கு டாக்டர் வந்து, "நெஞ்சு நிலையாயிடுச்சு. உயிருக்குப் பயமில்ல" என்றார். "கால்தான் இன்னும் வரல. கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. தானா அசைஞ்சா உடனே என்கிட்ட சொல்லுங்க."

அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அவன் வலது பாதத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அக்கா."

"சொல்லுடா. வலிக்குதா?"

"பதினோரு வருஷத்துல இருபத்தோரு டம்ளர் குடிச்சிருக்கேன். இப்பத்தான் எண்ணிப் பாத்தேன். இன்னிக்கு இருபத்திரண்டாவது."

அவள் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒரு தடவையாவது குடிச்சுப் பாத்திருக்கியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், அவள் சொன்னதை எல்லாம் நம்புகிறவன்தானே. குழாயில் நாலு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எத்தனையோ காலைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. ஒரு நாளாவது மிச்சத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் பட்டிருக்குமா? படவில்லை. பார்த்து முடித்ததும் அதைக் கொட்டிவிட்டு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் 'தெளிவு' என்று எழுத உட்காருவாள்.

"இல்லடா" என்றாள்.

"ஏன்? கணக்கு சரிதானே?"

"கணக்கு சரிதான்." பாதத்தைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குப் பயமா இருந்துச்சு."

தம்பி அவளையே சிறிது நேரம் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கைக்குள்ளிருந்த பாதம் மெல்ல விறைத்தது. முழங்கால் மடங்கியது. அவன் காலை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போர்வைக்குள் மடக்கிக்கொண்டான்.

அவள் வெறுங்கையோடு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கால் அசைந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லப் போனாள்.